திருப்பிப் போட மறந்த முகம்

அக்காவைக் கட்டிக்கொண்ட கையோடு என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட என் அன்பு ஏகாம்பரம் மாமாவுக்கு,

தாமு எழுதுகிறேன். "மச்சான் கடுதாசி போடுறானா, அப்போ இன்னிக்கு மழைதான்" என்று நீங்கள் கிண்டல் செய்வது இங்கேயே கேட்கிறது. மழையெல்லாம் பெய்து ஓய்ந்துவிட்டது மாமா. மந்தைவெளியில் மெட்ரோவுக்காக வைத்த தகரத் தடுப்புதான் நகரவில்லை. என் கடைக்கு வருகிறவன் ஃபேனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றி வருகிறான். வந்ததும், என்னவோ நான்தான் ரோட்டைத் தோண்டிப் போட்டது போல என்மேல் எரிந்து விழுகிறான். நான் சும்மா இருப்பேனா? நானும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஃபேனை வாங்கி வைக்கிறேன்.

அக்கா எப்படி இருக்கிறாள் என்றுதானே முதலில் கேட்பீர்கள்? சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், மாத்திரை போட்டாயா என்று கேட்டால் சண்டைக்கு வருகிறாள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கண் போனது போனதுதான். நீங்கள் இருந்தபோது ஆள் வருகிற நிழலாவது தெரிந்தது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது.

என் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். "உன் வூட்ல கதவு எங்க கீது, செவுரு எங்க கீதுன்னு நான் மொதல்லேர்ந்து படிக்கணுமாடா? இந்த வூடு எனக்கு மனப்பாடம்" என்கிறாள். தேனாம்பேட்டையில் நீங்கள் இரண்டு பேரும் குடியிருந்த அந்த மாடி போர்ஷனை விட்டு அவள் நகர மாட்டாள். மதியம் என் பெண்டாட்டி மல்லிகா சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு நான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அங்கேதான்.

இதெல்லாம் சும்மா சேதி. நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

உங்கள் காரியமெல்லாம் முடிந்து, வந்த சொந்தமெல்லாம் ஊர் திரும்பி, கொஞ்ச காலம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் அக்கா உங்கள் போட்டோவுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் பூச்சரத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். "தாமு, உன் மாமா மொகம் மறந்துகினே போவுதுடா" என்றாள். பால் வந்துவிட்டதா என்று கேட்கிற அதே குரல்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. எப்படி மறக்கும், இத்தனை வருஷம் பார்த்த முகம்தானே என்றேன். "சட்டையெல்லாம் ஞாபகம் கீது. அந்தத் துணிப் பை, படியேறச்சொல்ல இருமுவாரே அந்த இருமல், எல்லாம் கீது. மொகத்தாண்ட வந்தா மட்டும் காலியா கீது. நேத்து ஏதோ கொஞ்சம் இருந்துச்சி, இன்னிக்கு அதுவும் இல்ல."

போட்டோவைக் கழற்றி அவள் மடியில் வைத்தேன். புத்திகெட்ட வேலைதான், ஆனால் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள். "இது கண்ணாடிடா. சில்லுனு கீது, அவ்ளோதான்."

பிறகு அவளே சொன்னாள். "கடைசி வருஷம் பூரா பக்கத்துலயேதான் இருந்தாரு. ஒரு தபா மொகத்தத் தொட்டுப் பாத்து வெச்சிக்கினு இருந்திருக்கலாம். தோணாம இல்ல. வெக்கமா இருந்துச்சிடா. இந்த வயசுல இன்னா இதெல்லாம்னு வுட்டுட்டேன்." நான் அவள் முன்னால் அழவில்லை மாமா. கீழே இறங்கி வந்து வண்டியை உதைத்தேன், அது ஸ்டார்ட் ஆகித் தொலைக்கவில்லை. அங்கேயே அதன்மேல் சாய்ந்துகொண்டு அழுதேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்கு உங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டடங்களுக்குப் படம் போடுகிற ஒரு ஆபீஸில் நீங்கள் ட்ரேஸர். இன்ஜினியர் பென்சிலில் போட்ட படத்தின் மேல் ட்ரேஸிங் பேப்பரை விரித்து, அடியில் தெரிகிற கோட்டையெல்லாம் மையில் நகல் எடுக்கிற வேலை. கம்ப்யூட்டர் வந்து அந்த வேலை போனபோது, மிச்சமிருந்த பேப்பர் சுருளை யாரும் சீந்தவில்லை. நீங்கள் அதை அணைத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தீர்கள். "வேல போச்சின்னு வருவாங்க, நீங்க பேப்பரத் தூக்கினு வந்துகீறீங்களே, இத்த வெச்சி இன்னா பண்றது, வத்தல் காயப் போடுறதா?" என்று அக்கா கேட்டாள்.

மை தீர்ந்த ரீஃபிலால் அந்தப் பேப்பரில் சும்மா கிறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உங்களுக்கு அது அகப்பட்டது. அடியில் மெத்தென்று ஒரு ரப்பர் இருந்து, உருண்டை முனையால் மேலே அழுத்தித் தேய்த்தால், கண்ணாடி மாதிரி இருக்கிற அந்தக் காகிதம் தேய்த்த இடத்தில் மட்டும் வெள்ளையாகிறது. மறுபக்கம் திருப்பினால் அதே கோடு மேடாக எழும்பி நிற்கிறது. இதற்கு வெளிநாட்டில் பெரிய பெயர் உண்டு, இதற்கென்றே கருவிகள் விற்கிறார்கள் என்பதெல்லாம் நமக்கு ரொம்பப் பிற்பாடுதான் தெரியும். அதற்குள் நீங்கள் தாமரை, மயில், மல்லிக்கொடி என்று போய், கபாலி கோயில் தேரையே அந்தக் காகிதத்தில் எழுப்பிவிட்டீர்கள். ஃபேன் பேரிங்கில் இருக்கிற பொடிக் குண்டுகளை சைக்கிள் கம்பி முனையில் பற்றவைத்து நான்தான் உங்களுக்குக் கருவி செய்து கொடுத்தேன். அதையும் குறை சொல்லாமல் நீங்கள் வாங்கிக்கொண்டதில்லை.

வேலைக்கு ஒரு பெயர் வேண்டுமே. புடைப்பு என்று நீங்களே வைத்தீர்கள். அதனால் வந்த கூத்து கொஞ்சமா? யாராவது வந்து உங்களைக் கேட்டால், அக்கா சமையல்கட்டிலிருந்தே "உள்ள புடைச்சிகினு கீறாரு" என்பாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் ஒருநாள் பதறிப்போய் "யாரைம்மா அடிக்கிறாரு?" என்று கேட்டுவிட்டான். கீழ்வீட்டு அம்மா முறத்தோடு மாடியேறி வந்து, தனக்கும் கொஞ்சம் உளுந்து புடைத்துத் தர முடியுமா என்று கேட்டார். நீங்களும் ரோஷமாக முறத்தை வாங்கினீர்கள். பாதி உளுந்து தரையில் கிடந்தது.

அப்புறம் அந்த ஃபேன் சண்டை. காற்று பட்டால் பேப்பர் பறக்கும், ஃபேனை நிறுத்தினால் உங்கள் நெற்றி வேர்வை சொட்டி அதே பேப்பர் அப்பளம் போலப் பொங்கிவிடும். நிறுத்து என்பீர்கள் நீங்கள், போடு என்பாள் அக்கா. ஊருக்கெல்லாம் ஃபேன் சரிபண்ணுகிறவன் நான், என் அக்கா வீட்டில் மட்டும் ஃபேன் ஓடாது. எத்தனை ரெகுலேட்டர் மாற்றிக் கொடுத்திருப்பேன்? கடைசியில் நீங்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தீர்கள், அக்கா விசிறியோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சரி, கதைக்கு வருகிறேன். அக்கா அப்படிச் சொன்ன பிறகு சில நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒருநாள் ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது. மேடாக எழும்புகிற கோட்டைப் பார்க்கக் கண் எதற்கு? விரல் போதுமே. உங்கள் முகத்தையே புடைத்து அவள் கையில் கொடுத்தால் என்ன?

அன்று சாயங்காலமே அக்காவிடம் நீங்கள் கருவியெல்லாம் போட்டு வைத்திருந்த ஜியாமெட்ரி பாக்ஸைக் கேட்டேன். "உனக்கு எதுக்குடா அது?" என்றாள். சும்மாதான் என்றேன். சும்மா கேட்கிற ஆளா நான் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது, ஆனாலும் எடுத்துக் கொடுத்தாள். மிச்சமிருந்த சுருளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் கை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். செம்புக் கம்பியை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. ஒரு நெற்றியை அழுத்தினேன், பட்டென்று கிழிந்தது. இன்னொரு தாள் எடுத்தேன், மூக்கு வருவதற்குள் அதுவும் ஓட்டை. மெதுவாக அழுத்தினால் கோடே விழவில்லை. "யோவ் மாமா, எப்படிய்யா பண்ணே இத்த?" என்று கடையில் தனியாக உட்கார்ந்து உங்களைக் கத்தினேன். சரிபண்ணக் கொடுத்த ஃபேனை வாங்க வந்த ஒரு அம்மா வாசலிலிருந்தே திரும்பிப் போய்விட்டார்.

மல்லிகாதான் போனில் தேடி அடையாறில் ஒரு வகுப்பைக் கண்டுபிடித்தாள். ஒரு வீட்டு முதல் மாடி. சொல்லித்தருகிற பெண்ணின் பெயர் நிவேதா, நம் வீட்டுப் பிள்ளைகள் வயசுதான் இருக்கும். மற்றபடி பத்துப் பெண்கள், நடுவில் கிரீஸ் போகாத நகத்தோடு நான். "அங்கிள், யாரையாவது கூட்டிட்டுப் போக வந்தீங்களா?" என்று கேட்டது அந்தப் பெண். "இல்லம்மா, நான்தான் சேர வந்திருக்கேன்" என்றேன். ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

ரோஜாவில் ஆரம்பிக்கலாம் என்றது. எனக்கு ரோஜா வேண்டாம், ஒரு ஆள் முகம் வேண்டும் என்றேன். முகமெல்லாம் கஷ்டம், கடைசியில்தான் வரும் என்றது. "கடைசி வரைக்கும் எனக்கு டைம் இல்லம்மா" என்று கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "போட்டோ காட்டுங்க அங்கிள்" என்றது.

அதனிடம்தான் கற்றேன். ஒரே அழுத்தில் வெள்ளையைக் கொண்டுவரப் பார்க்கக் கூடாதாம். முதலில் லேசாகத் தேய்த்தால் சாம்பலாக வரும், காகிதத்தைக் கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி தேய்த்தால் பால் மாதிரி வரும், கடைசிச் சுற்றில்தான் வெள்ளை. தலையில் எண்ணெய் வைத்த கையோடு தொட்டால் அந்த இடம் காலத்துக்கும் வெளுக்காது. முக்கியமாக, முதலில் படத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் கோடு எடுக்க வேண்டும், அப்புறம் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து அழுத்த வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் முகம் முகமாக எழும்பும். திருப்பிப் போடாமல் அழுத்தினால் இடது வலதாகிவிடும். நீங்கள் இதையெல்லாம் யாரும் சொல்லாமலே செய்தீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் பீற்றிக்கொண்டேன்.

முதல் முகம் அஞ்சலட்டை அளவில் வந்தது. நிவேதாவே நன்றாக இருக்கிறது என்றது. அக்காவிடம் கொண்டுபோய், கண்டுபிடி பார்க்கலாம் என்று கையில் கொடுத்தேன். விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இன்னாடா இது, முறுக்கா?" என்றாள்.

அடுத்ததை இன்னும் பொறுமையாகச் செய்தேன். புருவம் தனி, மீசை தனி என்று எல்லாம் அழுத்தம் கூட்டி. "சிங்கம்தானே?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில், "சிங்கம் இல்ல, உன் புருஷன்!" என்று கத்திவிட்டேன். அதுவரை நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

அக்கா மறுபடி அந்தத் தாளை எடுத்து, அவசர அவசரமாகத் தடவினாள். நெற்றி எங்கே, மூக்கு எங்கே என்று நான் அவள் விரலைப் பிடித்துப் பிடித்துக் காட்டினேன். "சொன்னா தெரியுது. ஆனா அவரு இல்லடா. இவ்ளோ சின்னதா இருப்பாரா மனுசன்?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. ஏண்டா இதைச் செய்தோம் என்று ஆகிவிட்டது எனக்கு. இல்லாத ஆசையை நான் அல்லவா கிளப்பிவிட்டேன்?

ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. விரலுக்கு ஆள் உயரம் தெரியும், முகத்தின் அகலம் தெரியும். அஞ்சலட்டைக்குள் அடைத்தால் அதற்கு எப்படிப் புரியும்? உங்கள் போட்டோவை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய், நிஜ முகம் அளவுக்குப் பெரிதாக்கச் சொன்னேன். "இன்னா சார், கட்அவுட் வைக்கிறீங்களா?" என்றான் கடைக்காரன். தாளைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

அந்த வாரம் முழுக்க மதிய நேரத்தில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதே வேலை. ஃபேன் கடையில் ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருக்கிற ஒரே ஆள் இந்தச் சென்னையில் நான்தான். கழுத்தில் துண்டு, மணிக்கட்டில் துண்டு. உங்கள் முகத்தைத் தாளுக்கு அடியில் வைத்தால் அப்படியே தெரிந்தது. அவ்வளவு பெரிதாக, அவ்வளவு பக்கத்தில் உங்களைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது மாமா! இடது புருவத்தில் அந்த வெட்டு, சின்ன வயசில் பஸ் ஃபுட்போர்டில் தொங்கி விழுந்தது, அந்த இடத்தில் முடியே முளைக்காது. அதையும் விடவில்லை. சாம்பல், பால், வெள்ளை என்று ஒவ்வொரு கோடாக ஏற்றினேன். கிழியவில்லை. பொங்கவில்லை. எனக்கே என் கையை நம்ப முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். மேசைமேல் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் தாளை வைத்து, அக்காவை எதிரே உட்காரவைத்தேன். "இத்தோட வுட்டுர்றேன். வரலன்னா வரல" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு கையையும் வைத்தாள். நெற்றியில் ஆரம்பித்து, முடி ஆரம்பிக்கிற இடம் வரை போய், இறங்கி வந்தாள். புருவத்துக்கு வந்ததும் கை நின்றது. மறுபடி மேலே போய் மறுபடி வந்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

"டேய்" என்றாள்.

"இன்னாக்கா?"

"இந்த வெட்டு என் பீச்சாங்கை பக்கம் கீது."

"ஆமா, வெட்டுதான். உனக்குத் தெரியுதா?" என்று நான் சந்தோஷத்தில் குதித்தேன்.

"தெரியுதாவா? தப்பா கீதுடா! எதிர்ல உக்காந்தா என் சோத்தாங்கை பக்கம் வரணும். நான் எதிர்ல உக்காந்து சோறு போட்ட ஆளுடா, எனக்குத் தெரியாதா? யாரோ ஒருத்தன் மூஞ்சிய கொண்டாந்து வெச்சிகீறான் பாரு!"

எனக்கு அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. திருப்பிப் போடவில்லை. உங்கள் முகம் அவ்வளவு பெரிதாக அடியில் தெரிந்ததும், பென்சில் கோட்டை மறந்து, பார்த்துக்கொண்டே நேராக அழுத்தியிருக்கிறேன். மறுபக்கம் எழும்பியது எல்லாம் இடம் வலமாக மாறிப்போன முகம். ஒரு வார உழைப்பு. தாளைப் பிடுங்கிக் கசக்கி எறியத்தான் கையை நீட்டினேன்.

"எடுடா கைய!" என்று ஒரு அதட்டல். அவள் விடுவதாக இல்லை. "வகிடும் மாறி கீது பாரு. அவரு இந்தாண்ட எடுப்பாரு. மீச இந்தப் பக்கம் சித்த தூக்கினு இருக்கும், கண்ணாடி பாத்து வெட்டச்சொல்ல கோணிக்கும், நான் தெனமும் சொல்வேன். கன்னத்துல குழி வுழும், இந்தாண்ட மட்டும், அதுவும் சிரிச்சாதான். போட்டோல எங்க சிரிச்சாரு, உனக்கு எப்டித் தெரியும்? இங்க வா."

என் முகத்தை இழுத்து வைத்துக்கொண்டாள் மாமா. என் நெற்றியில், புருவத்தில், கன்னத்தில் விரலால் அழுத்தி அழுத்திச் சொன்னாள். "இங்கருந்து இப்டி எறங்கும். உனக்கு மேடா கீது, அவருக்கு இங்க ஒட்டிப்போயி இருக்கும். கண்ணு இவ்ளோ உள்ள இருக்காது. கோவம் வந்தா இந்த நரம்பு நிக்கும். தூங்கச்சொல்ல வாய் இப்டி லேசா..." அங்கே நிறுத்திவிட்டாள். கை என் கன்னத்திலேயே இருந்தது.

"தாமு."

"சொல்லுக்கா."

"தெரியுதுடா."

"இன்னா தெரியுது?"

"மொகம். முழுசா தெரியுதுடா. அவரு மொகம்."

இரண்டு பேரும் அழுதோம். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல், சத்தம் போட்டு அழுதோம். கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, காபி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அது ஆறிய பிறகுதான் குடித்தோம். அன்றைக்கு அக்கா உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். நடுவில் உங்களைத் திட்டவும் செய்தாள், சொல்லாமல் போய்விட்டீர்களாம்.

நான் வீடு திரும்பி யோசித்தேன். நான் சரியாகச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "ம், அவருதான்" என்று தடவிவிட்டு வைத்திருப்பாள். அல்லது இதுவும் சிங்கமாகத்தான் போயிருக்கும். தப்பு என்று சொல்லப் போய்த்தானே, சரி எது என்று அவளுக்குள் தேட வேண்டி வந்தது? உள்ளேதான் இருந்திருக்கிறீர்கள், யாரும் கிளறவில்லை, அவ்வளவுதான். இதை நிவேதாவிடம் சொன்னேன். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடுத்ததாவது திருப்பிப் போடுங்க அங்கிள்" என்றது.

திருப்பித்தான் போட்டேன். இப்போது எனக்கு வேலை கைக்கு வந்துவிட்டது மாமா. வெட்டு சரியான பக்கம் நிற்கிறது, வகிடு சரியான பக்கம் போகிறது. ஆனாலும் கடைசி நேரத்தில் மீசையைக் கொஞ்சம் தடிமனாக்கிக் கொண்டுபோனேன். "இவரு இன்னா போலீஸ்காரரா?" என்று ஆரம்பித்தவள், கல்யாணத்துக்கு முந்தின நாள் நீங்கள் மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றதையும், எங்கள் அப்பா உங்களை வேறு யாரோ என்று நினைத்து வாசலிலேயே நிறுத்தியதையும் சொல்லி முடிக்கச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. போன ஞாயிறு காதைப் பெரிதாக்கினேன். எந்தக் காதில் பென்சில் செருகுவீர்கள், எந்தக் காது மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் வந்தது. எனக்குத் தெரியாத மாமா இவ்வளவு பேர் இருந்திருக்கிறீர்களா?

வேண்டுமென்றே செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியுமா? தெரியவில்லை. "இத்தினி மாசமா இன்னாத்தடா கத்துக்கினே நீ?" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டுகிறாள். தட்டிவிட்டு, அடுத்த வாரம் சீக்கிரம் வந்துவிடு என்கிறாள்.

அடுத்த வாரம் தாடையில் கைவைக்கலாம் என்று இருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன் மாமா: அக்கா இருக்கிற வரைக்கும், உங்கள் முகத்தை நான் ஒருநாளும் சரியாகச் செய்துவிட மாட்டேன்.

உங்கள் பெண்டாட்டியிடம் வாராவாரம் திட்டு வாங்கும்
உங்கள் மச்சான்,
தாமு